வெங்காயத்தில் பூ: பூத்த செடியின் விதை வேண்டாம்

கத்தரியில் பூ வந்தால் காய் வரும். மிளகாயில் பூ வந்தால் பழம் வரும். வெங்காயத்தில் பூ வந்தால் காய் போயிற்று என்று பொருள். இதை அறியாத வெங்காய விவசாயி இல்லை. இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் மார்கழி, தை மாதங்களில் வெங்காய வயல்களின் நடுவே வெள்ளைப் பூக்குடைகள் தலைநீட்டுகின்றன. நட்டு அறுபது எழுபது நாள் வரை செழிப்பாக நின்ற பயிர், காய் பருக்க வேண்டிய நேரத்தில் நடுக்குருத்திலிருந்து உருண்டையான தண்டை விடுகிறது. அந்தச் செடியின் காய் பிறகு பருப்பதில்லை. காயின் நடுவே தண்டு கட்டையாக நிற்கும். கழுத்து தடித்துவிடும், காய்ந்து மூடாது. பட்டறையில் போட்டால் அந்தக் கழுத்து வழியே ஈரமும் பூசணமும் இறங்கி, பக்கத்துக் காய்களையும் அழுக வைக்கும். மண்டியில் அதைக் கழிவென்று தனியே தள்ளுவார்கள்.

பூ வந்ததும் விவசாயி முதலில் விதைக் கடைக்காரரைத் திட்டுவார். பிறகு தண்ணீரை, உரத்தை, பனியைக் குறை சொல்வார். கடைசியில் மனத்தைத் தேற்றிக்கொண்டு, "போனது போகட்டும், விதையாவது மிஞ்சட்டும்" என்று பூத்த செடிகளை நிற்க விட்டு, கருத்து முற்றிய விதையைத் தட்டி எடுத்து, அடுத்த பட்டத்துக்கென்று மூட்டை கட்டி வைப்பார். உள்ளூரில் கேட்பவர்களுக்கும் இரண்டு படி கொடுப்பார்.

நட்டத்தில் பெரிய நட்டம் இந்தக் கடைசிச் செயல்தான். பூத்ததால் ஒரு பட்டம் போயிற்று. பூத்த செடியின் விதையை வைத்ததால் அடுத்த பட்டமும் போகிறது. பக்கத்துக் காட்டுக்காரரின் பட்டமும் சேர்ந்து போகிறது. இந்தப் பழக்கத்தை விவசாயிகளும் விதை விற்பவர்களும் அடியோடு கைவிட வேண்டும். ஏன் என்பதை அறிய, வெங்காயம் எதனால் பூக்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

பூ ஏன் வருகிறது?

வெங்காயம் இயல்பில் இரண்டு பருவப் பயிர். முதல் பருவத்தில் விதையிலிருந்து செடியும் காயும் வரும். அந்தக் காயை ஓய்வெடுக்க விட்டு மறுபடி நட்டால், இரண்டாம் பருவத்தில் அது பூத்து விதை கொடுக்கும். இந்த ஒழுங்கு மாறி, முதல் பருவத்திலேயே பூத்துவிடுவதைத்தான் நாம் குறையாகக் காண்கிறோம். செடியின் கணக்கில் அது குறையே இல்லை. இரண்டாவது பருவம் வந்துவிட்டது என்று நம்பி அது பூக்கிறது. அப்படி நம்ப வைப்பது குளிர்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, செடி ஒரு பருமனை எட்டியிருக்க வேண்டும். சின்ன நாற்றுக்கு எவ்வளவு குளிர் பட்டாலும் அது பூவை நினைப்பதில்லை. கழுத்து பென்சில் கனத்தைத் தாண்டிய செடிதான் குளிரை உணர்ந்து பூ மொட்டு வைக்கும். இரண்டாவது, அந்தப் பருமனை அடைந்த பின் சில வாரங்கள் தொடர்ந்து குளிர் கிடைக்க வேண்டும். குளிர் நாட்டு ரகங்களுக்கு 9 முதல் 13 டிகிரி செல்சியஸ் மிகவும் தோதானது. வெப்ப நாட்டு ரகங்கள் அவ்வளவு குளிரைக் கேட்பதில்லை. 15 முதல் 20 டிகிரி வரையிலான இரவுகளே சிலவற்றுக்குப் போதும். நமது சமவெளியில் மார்கழி, தை இரவுகள் இந்த அளவுக்கு இறங்குவது உண்டு. ஓசூர், தளி, தாளவாடி போன்ற மேட்டு நிலங்களில் இன்னும் இறங்கும்.

காய் பிடிப்பதற்கு வேறு கணக்கு. அதற்குப் பகல் நீளமும் வெப்பமும் வேண்டும். நம் ஊரில் மிகக் குறுகிய பகல் சுமார் 11½ மணி நேரம். மிக நீண்ட பகல் 12¾ மணி நேரம். நம் நாட்டு ரகங்கள் இந்தக் குறுகிய பகலிலேயே காய் பிடிக்கக் கூடியவை. வெப்பம் கூடினால் காய் விரைந்து பருக்கும். ஆகவே ஒவ்வொரு வெங்காயச் செடிக்குள்ளும் ஒரு போட்டி நடக்கிறது. வெயில் முந்தினால் காய். குளிர் முந்தினால் பூ. விவசாயியின் வேலை, இந்தப் போட்டியில் காய் முந்தும்படி நாளைக் குறிப்பதும் விதையைத் தேர்வதும்தான்.

எந்தப் பட்டத்தில் ஆபத்து?

ஆவணியில் நாற்றுவிட்டு, புரட்டாசி ஐப்பசியில் நட்ட பயிர், மார்கழி பிறக்கும்போது நன்றாகத் திரண்டு நிற்கும். கழுத்து பென்சிலைத் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் பகல் குறுகியிருக்கும், வானம் மூடியிருந்தால் வெயிலும் குறைவு, இரவு குளிர்ந்திருக்கும். பூவுக்கு வேண்டிய எல்லாம் ஒன்றாகக் கூடுவது இந்தப் பட்டத்தில்தான்.

மகாராஷ்டிரத்திலும் இதே கதைதான். அங்கே ஆகஸ்டு, செப்டம்பரில் நாற்றுவிட்டு ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்யும் பட்டத்தை 'ரங்கடா' என்பார்கள். மூன்று பட்டங்களில் பூவும் இரட்டைக் காயும் மிகுதியாக வருவது அதில்தான். டிசம்பர், ஜனவரியில் நட்டு ஏப்ரல், மே மாதத்தில் எடுக்கும் ராபிப் பட்டத்தில், குளிர் வரும்போது நாற்று மெலிந்திருக்கும். குளிர் விட்டதும் வெயில் ஏறும். எனவே பூ குறைவு. நம் பெரிய வெங்காய விவசாயிகள் வாங்கும் விதையில் பெரும்பகுதி வெளிமாநிலங்களிலிருந்து வருவதால், அந்த விதை எந்தப் பட்டத்துக்கு உரிய ரகம் என்று கேட்காமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடவு செய்வதற்குச் சமம்.

சின்ன வெங்காயத்தைக் காயாக நடும்போது வேறொன்றைக் கவனிக்க வேண்டும். நடும் காயே ஒரு பருவத்தைக் கடந்து வந்தது. பூப்பதற்குரிய வயது அதற்கு ஏற்கெனவே வந்துவிட்டது. காய் பருமனாக இருந்து, குளிர்ந்த இடத்திலும் இருந்துவிட்டால், நட்டதும் பூவைத் தள்ளும். நம் முன்னோர் வெங்காயத்தைக் காற்றோட்டமான பட்டறையில், கோடை வெப்பத்தில் வைத்தது எத்தனை பொருத்தமானது என்பது இங்கே விளங்குகிறது. 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் காயில் பூ எண்ணம் அடங்கிவிடுகிறது. குளிர்பதனக் கிடங்கில் வைத்த காயை விலை மலிவென்று வாங்கி விதைக்காயாக நடுவது பூவை வரவழைத்துக்கொள்வதாகும்.

குற்றம் யாருடையது?

பூ வந்ததற்கெல்லாம் விதைதான் காரணம் என்று சொல்வது சரியில்லை. எப்போதுமே பருவம்தான் காரணம் என்று விதை விற்பவர் கைகழுவுவதும் சரியில்லை. வயலைப் பார்த்தே ஓரளவு தீர்ப்புச் சொல்லலாம்.

வெவ்வேறு விதை போட்டவர்கள், ஒரே வாரத்தில் நட்டவர்கள், எல்லார் வயலிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பூ வந்திருந்தால், அது பருவத்தின் வேலை. அந்த ஆண்டுக் குளிர் முந்திவிட்டது அல்லது அந்த ஊரில் நடவு நாள் முந்திவிட்டது. சில பாத்திகளில் மட்டும், அதுவும் கடைசியாகப் பறித்த முற்றல் நாற்றை நட்ட பாத்திகளில் மட்டும் பூ கூடுதலாக இருந்தால், அது நாற்றின் வயதால் வந்தது. தாள் வெளுத்து, பயிர் பசியோடு நிற்கும் மேட்டுப் பகுதியில் மட்டும் பூ கூடுதலாக இருந்தால், தழைச்சத்துக் குறைவை நினைக்க வேண்டும். பட்டினி கிடக்கும் வெங்காயம் சீக்கிரம் பூக்கும் என்பது பலருக்குத் தெரியாத உண்மை.

ஆனால் ஒரே நாளில், ஒரே வயது நாற்றை, ஒரே மாதிரி மண்ணில் நட்டு, பக்கத்து வயல் சுத்தமாக இருக்க, ஒரு விதைப் பையிலிருந்து வந்த செடிகள் மட்டும் வயல் முழுக்கப் பரவலாகப் பூத்திருந்தால், அங்கே விதையைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த விதையின் தாய் எது, அந்தத் தாய் எப்படிப் பூத்தது என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

பூத்த செடி எதைப் பெறும்?

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் 2 லட்சம் செடி நிற்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 5 வீதம் பூத்தால் 10,000 செடி. மீதி 1,90,000 செடி பூக்காமல் நல்ல காயாக வந்து மண்டிக்குப் போய்விட்டது. பூத்த 10,000 செடியிலிருந்து மட்டும் விதை எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டுப் பயிருக்குத் தாய் யார்? சீக்கிரம் பூக்கும் குணம் உள்ள அந்த 10,000 மட்டுமே. தகப்பன் யார்? வெங்காயம் அயல் மகரந்தத்தால் சூல்கொள்ளும் பயிர். ஒரு பூவில் மகரந்தம் உதிர்ந்து முடிந்த பிறகுதான் அதே பூவின் சூல்முடி பக்குவமாகும். எனவே தேனீயும் ஈயும் வேறு பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவர வேண்டும். அந்த வேறு பூவும் அதே 10,000 செடிகளில் ஒன்றின் பூவாகவே இருக்கும். ஏனென்றால் மற்றவை பூக்கவே இல்லை. தாயும் அதே குணம், தகப்பனும் அதே குணம் என்றால் பிள்ளை எப்படி இருக்கும்? சுரை போட்டால் அவரை முளைக்காது என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரிந்த கதை.

நல்ல காயாக வந்த 1,90,000 செடியின் குணத்தில் ஒரு துளிகூட அந்த விதையில் இல்லை. ரகத்தை உருவாக்கியவர்கள் பல ஆண்டு பாடுபட்டு, பூக்கும் செடிகளைக் களைந்து களைந்து சேர்த்த நல்ல குணத்தை, ஒரே பட்டத்தில் தலைகீழாகப் பொறுக்குகிறோம். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால், நல்ல நாளில் நட்டாலும் பூக்கிற ஒரு கூட்டம்தான் கையில் மிஞ்சும். ரகத்தின் பெயர் மட்டும் பழைய பெயராக இருக்கும்.

விதை வியாபாரத்திலும் இதே தவறு வேறு வடிவில் நடக்கிறது. வெங்காய விதை எடுக்க இரண்டு வழி உண்டு. விதை போட்டுக் காய் எடுத்து, அந்தக் காயில் நல்லதைப் பொறுக்கி, சேமித்து, மறுபடி நட்டு விதை எடுப்பது காய் வழி. இதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும், பட்டறை வேண்டும், கூலி வேண்டும். விதை போட்டு, காயைப் பிடுங்காமலே அதே இடத்தில் குளிர் காலத்தில் பூக்க விட்டு விதை எடுப்பது நேர்வழி. செலவு பாதி, காலமும் பாதி. ஆனால் இந்த வழியில் எந்தச் செடி முதலில் பூத்ததோ அதுவே விதை தருகிறது. காயின் நிறம், கழுத்தின் கனம், இரட்டைக் காயா ஒற்றைக் காயா என்பதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. விவசாயிக்கு விற்கும் விதையை இப்படி எடுப்பது தவறு.

விலை ஏறும் ஆண்டுகளில் இந்த ஆபத்துக் கூடுகிறது. 2020ஆம் ஆண்டு மழையால் வெங்காயம் கெட்டு விலை உயர்ந்தபோது, விதைக்கும் கிராக்கி வந்து, அந்த அக்டோபரில் மத்திய அரசு வெங்காய விதை ஏற்றுமதியையே தடை செய்தது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் பையும் சீட்டும் இல்லாத விதை சாக்கில் வந்து இறங்கும். விவசாயியும் பட்டம் தவறிவிடுமே என்ற பதற்றத்தில் வாங்கிவிடுவார்.

ஏழை விவசாயி என்ன செய்வார்?

"விதை விற்கும் விலைக்கு வேறு வழி என்ன? கையில் இருக்கும் விதையை எறியச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரிய வெங்காயத்துக்கு ஏக்கருக்கு 3 முதல் 4 கிலோ விதை வேண்டும். அதை விலை கொடுத்து வாங்குவது சிறு விவசாயிக்குச் சுமைதான். ஆனால் நாற்றங்கால், உழவு, நடவுக் கூலி, களை, உரம், மருந்து என்று அதன் பின்னால் போகும் பணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விதையில் மிச்சம் பிடித்தவர் அந்தச் செலவு முழுவதையும் பணயம் வைக்கிறார்.

விதையைச் சொந்தமாக எடுக்க வேண்டாம் என்பது இங்கே வாதமில்லை. சரியான செடியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதே வாதம். சின்ன வெங்காயத்தில் இது நம் மாவட்டங்களிலேயே முடியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001இல் வெளியிட்ட கோ 5 ரகம், பூத்து விதை பிடிக்கும் தன்மை உடையது. ஏக்கருக்கு 600 கிலோ அளவில் விதைக்காய் வாங்கி நட்டுவந்த விவசாயிக்கு, சில கிலோ விதையில் நாற்றுவிட்டுச் சின்ன வெங்காயம் எடுக்கலாம் என்ற வழியை அது திறந்தது. பூக்கும் ரகம் என்பதாலேயே அதில் கூடுதல் கவனம் வேண்டும். எந்தக் காய் பூக்க வேண்டும் என்பதை விவசாயி முடிவு செய்ய வேண்டும். செடியின் விருப்பத்துக்கு விடக்கூடாது.

முறை இதுதான். நாற்று நட்ட பயிரில் முதல் பருவத்திலேயே பூத்த செடிகளை மொட்டு விரியுமுன் பிடுங்கிவிட வேண்டும். அறுவடையில் பூக்காத செடிகளின் காயில் ஒரே நிறமும், மெல்லிய கழுத்தும், நல்ல திரட்சியும் உள்ளவற்றை முதலில் தனியே எடுத்துவைக்க வேண்டும். மிஞ்சியதைத்தான் விற்க வேண்டும். நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. நல்லதை விற்றுவிட்டு, விற்காததை விதைக்கு வைக்கிறோம். எடுத்துவைத்த காயைப் பட்டறையில் காப்பாற்றி, அழுகியதையும் முளைத்ததையும் அவ்வப்போது நீக்கி, ஐப்பசி கார்த்திகையில் ஏழெட்டு சென்ட் நிலத்தில் நட்டால் போதும். சொந்தத் தேவைக்கு விதை வரும். அரை கிலோமீட்டர் சுற்றளவில் வேறு வெங்காயம் பூக்காத இடமாக அது இருக்க வேண்டும். பூ நேரத்தில் தேனீயைக் கொல்லும் மருந்துகளை அடிக்கக்கூடாது. பூக்குடையில் கறுப்பு விதை வெளியே தெரியத் தொடங்கியதும் பறித்து, நிழலில் உலர்த்தித் தட்டி, நன்கு காய வைத்துக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்க வேண்டும். வெங்காய விதையின் உயிர் குறுகியது. சாதாரணமாக வைத்தால் ஓராண்டுக்கு மேல் அதை நம்பக்கூடாது.

பெரிய வெங்காயத்துக்கு இந்த யோசனை பொருந்தாது. நம் சமவெளியில் அது நிச்சயமாகப் பூத்து விதை பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதை நம்பிக்கையான பொது நிறுவனத்திடமோ, சான்று பெற்ற பையிலோ வாங்குவதே மேல். புனே அருகே ராஜகுருநகரில் உள்ள மத்திய வெங்காயம் பூண்டு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பீமா' வரிசை ரகங்களில், பூ குறைவாக வரும் பீமா சக்தி, பீமா கிரண் போன்றவை உள்ளன. பட்டத்துக்கு ஏற்ற ரகத்தைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுத் தேர்வது நல்லது. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, 14 முதல் 16 மணி நேரப் பகல் கேட்கும் ரகங்களை வீட்டுத் தோட்டத்தில் போடுவோர் தாளைத் தவிர வேறெதையும் காணமாட்டார்கள்.

வயலில் செய்ய வேண்டியவை

விதை நல்லதாக இருந்தாலும் விவசாயி நாள் தவறினால் பலன் இல்லை. பூத் தொல்லை அடிக்கடி வரும் ஊர்களில் நாற்றுவிடும் நாளை இரண்டு மூன்று வாரம் தள்ளிப் பார்க்க வேண்டும். குளிர் வரும்போது பயிர் மெலிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். வயல் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றாமல், கால் பங்கில் மட்டும் தள்ளி நட்டு, ஒரு குறிப்பேட்டில் நாளையும் பூவின் அளவையும் எழுதி வந்தால், மூன்றாம் ஆண்டு அந்த ஊருக்கு உரிய நாள் கைக்கு வந்துவிடும்.

நாற்றை 40 முதல் 45 நாளில் நட்டுவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று 60 நாள் நாற்றை நடுவோர் உண்டு. அந்த நாற்று தடித்து, பூவுக்குத் தயாராகிவிட்டது. தடித்த நாற்றைப் பறிக்கும்போதே பிரித்து, அவசியமானால் தனிப் பாத்தியில் நட்டுத் தாளாக விற்கலாம். சின்ன வெங்காயத்தைக் காயாக நடுவோர் நடுத்தரக் காயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய காயை நட்டால் பெரிய விளைச்சல் என்ற நம்பிக்கை பூவில் போய் முடியலாம்.

தழைச்சத்தைக் குறைத்துப் பட்டினி போடவும் கூடாது. காய் பருக்கும் நேரத்தில் அள்ளிக் கொட்டவும் கூடாது. குறைத்தால் பூ வரும். பிந்திக் கொடுத்தால் கழுத்து தடிக்கும். சின்ன வெங்காயத்துக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 24 கிலோ, மணிச்சத்து 24 கிலோ, சாம்பல் சத்து 12 கிலோ என்பது பொதுச் சிபாரிசு. தழைச்சத்தில் பாதியை மற்ற இரண்டோடு அடியுரமாகவும், மீதிப் பாதியை நட்ட 30ஆம் நாளிலும் இட வேண்டும். மண் பரிசோதனை செய்தவர்கள் அதன்படி மாற்றிக்கொள்ளலாம்.

பூ வந்த பிறகு அதைக் காயாக்க மருந்து கிடையாது. தண்டை ஒடித்துவிட்டால் காய் பழையபடி பருக்கும் என்பதும், தாளை மிதித்துவிட்டால் சரியாகும் என்பதும் வீண் நம்பிக்கை. காயின் உள்ளே போன கட்டை வெளியே வராது. நடுக்குருத்திலிருந்து, தாளைவிட உருண்டையாகவும் விறைப்பாகவும், நுனியில் மெல்லிய உறை மூடிய மொட்டோடு வரும் தண்டைக் கண்டவுடன் செடியோடு பிடுங்கி, வெங்காயத்தாளோடு கட்டிச் சந்தைக்கு அனுப்பிவிடலாம். வீட்டிலும் இளந்தண்டைப் பொரியல் செய்யலாம். அறுவடை வரை நின்றுவிட்ட பூக்காயைத் தனியே பிரித்து உடனே விற்றுவிட வேண்டும். மூட்டையில் கலந்து பட்டறையில் ஏற்றக்கூடாது.

ஊரும் அரசும் செய்ய வேண்டியவை

ஒருவர் வயலில் விட்ட பூ அவரோடு நிற்பதில்லை. தேனீக்கு வரப்புத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் பாடுபட்டு நல்ல காயை நட்டு விதை எடுத்தாலும், இந்த வயலின் பூத்த செடியிலிருந்து மகரந்தம் போய் அந்த விதையும் கெடும். ஆகவே முன்கூட்டிப் பூத்த வெங்காயத்தை மொட்டிலேயே பிடுங்குவது ஊருக்கே செய்யும் கடமை. உழவர் குழுக்கள் இதை ஒரு கட்டுப்பாடாக வைக்கலாம். ஊருக்கு ஒருவர் இருவர், தகுந்த ஒதுக்கமான நிலம் உள்ளவர்கள், காய் வழி விதை எடுத்து மற்றவர்களுக்கு நியாய விலையில் கொடுக்கலாம்.

விதைப் பை விஷயத்தில் ஒரு திருத்தம் வேண்டும். 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் வந்ததிலிருந்து முளைப்புத் திறனையும் தூய்மையையும் சீட்டில் காட்டும் வழக்கம் வந்தது. வெங்காய விதைக்குக் குறைந்தது 70 விழுக்காடு முளைப்பு வேண்டும் என்பது தரம். இதை விவசாயி வீட்டிலேயே சோதிக்கலாம். ஈரத் துணியில் 100 விதையை வைத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் எண்ணினால் போதும். ஆனால் பூக்கும் குணத்தை எந்தத் துணியிலும் சோதிக்க முடியாது. நூற்றுக்கு தொண்ணூறு முளைத்த விதையும் வயலில் நூற்றுக்கு இருபது பூக்கலாம். விவசாயி சோதிக்க முடியாத ஒன்றை விற்பவர் சொல்லத்தான் வேண்டும். இந்த விதை காய் வழி எடுத்ததா, நேர்வழி எடுத்ததா, எந்தப் பட்டத்துக்கு உரியது என்ற இரண்டு வரியைப் பையில் அச்சிடுவது யாருக்கும் பெரிய செலவு ஆகாது. அதை அச்சிடும்படி விதிக்க வேண்டும். விதிக்கும் வரை, வாங்கும் ஒவ்வொரு விவசாயியும் கடையில் இதை வாய் திறந்து கேட்க வேண்டும். ரசீது வாங்க வேண்டும். பையைப் பயிர் முடியும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியிடம் கேட்பார்.

வரும் தை மாதத்தில் வயலில் பூக்குடை நின்றால், "விதையாவது மிஞ்சட்டும்" என்ற நினைப்பு வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் பூக்காமல் நிற்கும் மற்ற செடிகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். விதைக்கு உரியவை அவைதான். பூத்ததைப் பிடுங்கிவிட்டு, பூக்காததில் நல்லதாக ஒரு கூடைக் காயை இந்த ஆண்டே எடுத்துவைக்கும் விவசாயி, அடுத்த ஆண்டு விதைக்கு யார் கடைவாசலிலும் நிற்க வேண்டியதில்லை.